ஐந்து கம்பிக் குடை

மல்லேஸ்வரம், பெங்களூர்
12.7.1998

அன்புள்ள மன்னிக்கு,

மங்கையின் நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மழைக்காற்று அடித்தால் அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்களும் அண்ணாவும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த வடகிழக்கு மழையில் டிக்பாயில் துணி காய்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இதோடு ஆறு தாள்கள் வைத்திருக்கிறேன். நீங்கள் இங்கே ஆராய்ச்சி செய்த நாளில் வெறும் மேட்ரிக்ஸ் கணக்கு என்று எல்லோரும் ஒதுக்கிய அதே விஷயம்தான். இப்போது குவாண்டம் தகவல் என்று பெயர் வைத்துக்கொண்டு பெரிய மனிதராகிவிட்டது.

ஒரு துகள் பெங்களூரில், இன்னொன்று டிக்பாயில். இரண்டையும் சேர்த்து ஒரே மேட்ரிக்ஸாக எழுதுகிறோம். இரண்டும் தனித்தனியா, பின்னிக்கிடக்கின்றனவா என்பது கேள்வி. டிக்பாய்ப் பாதியை மட்டும் நிரை நிரலாகப் புரட்டிப் போட்டுப் பார்ப்பது சோதனை. விடையில் மைனஸ் எண் தலைகாட்டினால் பின்னல் உண்டு. காட்டாவிட்டால்? இரண்டுக்கு இரண்டு போன்ற சின்ன அளவில் பின்னல் இல்லை என்று நம்பலாம். மூன்றுக்கு மூன்றிலிருந்து நம்ப முடியாது, சோதனைக்குச் சிக்காத பின்னலும் இருக்கிறது. ஆனால் இரு பக்கங்களையும் சேர்த்துச் சுழற்றினாலும் மாறாத நிலைகள் என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் மட்டும், எந்த அளவானாலும் சோதனை ஏமாறாது என்பது என் தியரம். என் தீசிஸ் அது ஒன்றுதான். அது போனால் நான்கு வருடமும் போச்சு.

நான் பி.எஸ்சி. படித்தபோது, கல்யாணமாகி டிக்பாய் போகும் முன் நம் வீட்டில் இருந்த நாளில் செய்வீர்களே, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு டிக், அதே போலப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் டிக் போடாத வரியை நான் இன்றுவரை நம்பியதில்லை.

அண்ணாவுக்கும் நமஸ்காரம்.

மங்கை


மே/பா. வெங்கடகிருஷ்ணன்
க்வார்ட்டர் எண் 17, டிக்பாய்
28.7.1998

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். துணி காயவில்லை என்று அம்மாவிடம் சொல். இங்கே துணியை அடுப்பங்கரையில்தான் காயப்போடுகிறோம், உன் அண்ணா ஆபீஸுக்குத் தாளிப்பு வாசனையோடு போகிறார். மாமாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்.

தாள்கள் வந்தன. முதலில் பீரோவில் வைத்துவிட்டேன். ஐந்து வருடமாகக் கணக்கைத் தொட்டதில்லை, என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். அன்று சாதம் குழைந்துவிட்டது.

தியரத்துக்குப் படிக்கல்லாக நீ வைத்த மூன்று லெம்மாக்களும் சரி. டிக் போட்டிருக்கிறேன். இரண்டாவதில் ஆறாம் வரியையும் ஏழாம் வரியையும் ஒன்றாக்கலாம், ஓரத்தில் எழுதியிருக்கிறேன் பார். நான்காவது லெம்மா எங்கே? தியரம் அதன் மேல்தானே நிற்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வித்யா


பெங்களூர்
9.8.1998

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். எல்லோரும் நலம். நல்லெண்ணெய் வேலை செய்கிறது. அப்பா காலையில் பால் பூத் வரை நடந்துவிட்டு, ஏதோ திருப்பதி மலை ஏறினவர் மாதிரி வந்து உட்காருகிறார்.

குழைந்த சாதத்துக்கு அண்ணாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் டிக்குகளை நோயல் சாரிடம் காட்டினேன். என் கைடு, விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

"யாரும்மா இது, இவ்ளோ சுத்தமா பாத்திருக்காங்க?"

"எங்க மன்னி சார். இங்கதான் இருந்தாங்க. வித்யாலட்சுமி."

"அட, அவங்களா! நான் சேர்ற சமயத்துல விட்டுட்டுப் போனாங்க. நல்லா போட்டுட்டிருந்தாங்கன்னு சொல்வாங்களே, ஏன் விட்டாங்க?"

"கல்யாணம் சார்."

"கல்யாணம் ஆனா கணக்கு மறந்துடுமா? எனக்குந்தான் ஆச்சு."

தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பதிலைக் கடிதத்தில் எழுத விரும்பவில்லை.

நான்காவது லெம்மா இதோ. ஜனவரியில் இங்கே நடக்கும் மாநாட்டில் நான் பேச வேண்டும் என்று சார் பெயர் கொடுத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கரும்பலகை முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று இப்போதே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கிறேன். உங்கள் டிக் வந்துவிட்டால் நின்றுவிடுவேன்.

மங்கை


மே/பா. வெங்கடகிருஷ்ணன்
க்வார்ட்டர் எண் 17, டிக்பாய்
29.9.1998

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழைதான் காரணம் என்று வைத்துக்கொள். பக்கத்துக் க்வார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிப் பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு ரசப்பொடி அரைத்துச் சாத்தமுது வைக்கக் கற்றுக்கொடுத்தேன். அவள் அதில் கரம் மசாலா போட்டு, "இப்போது சரியாக இருக்கிறது" என்றாள். உன் அண்ணா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், துரோகி.

கொலுவுக்கு அம்மா தனியாகப் படி கட்டினாளா? நீ கூட இருந்து உதவினாயா?

ஜனவரி மாநாட்டில் உன் பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட முடியுமா? உனக்கும் ஓய்வு வேண்டுமே என்று தோன்றியது. சும்மாதான் கேட்டேன்.

வித்யா


பெங்களூர்
9.10.1998

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இங்கே க்ஷேமம். கொலு முடிந்தது. படி கட்டும்போது அப்பா விரலை நசுக்கிக்கொண்டார், வேறு விசேஷம் இல்லை.

பேச்சைத் தள்ள முடியாது. மன்னி, உங்கள் கவரை உதறிக்கூடப் பார்த்துவிட்டேன். நான்காவது லெம்மாத் தாள் அதில் இல்லையே. மறந்துவிட்டீர்களா? அல்லது அதைப் பார்க்க உங்களுக்கு அங்கே சௌகரியப்படவில்லையா? எதுவானாலும் எழுதுங்கள்.

தீபாவளிக்கு உங்களுக்குப் புடவை அனுப்புகிறேன் என்று அம்மா சொன்னாள். மாம்பழ நிறம்.

மங்கை


டிக்பாய்
2.11.1998

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். புடவை வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது. தீபாவளிக்கு அதைத்தான் கட்டிக்கொண்டேன். மாமா விரல் இப்போது எப்படி இருக்கிறது?

தாளை எங்கோ வைத்துவிட்டேன். தேடிப் பார்க்கிறேன்.

வித்யா


பெங்களூர்
12.11.1998

அண்ணாவுக்கு,

மங்கை எழுதியது. எல்லோரும் நலம். இதை மன்னியிடம் காட்ட வேண்டாம், அதனால்தான் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

மன்னி ஒரு தாளைத் தொலைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையின் கவரில் எழுதின கணக்கைக்கூட மடித்து வைத்திருந்தவர்கள் அவர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன். நீ ஏதாவது சொன்னாயா? சாதம் குழைந்தது என்று கோபித்தாயா? உனக்காக அவர்கள் ஆராய்ச்சியை விட்டார்கள். நான் அனுப்புகிற நாலு தாளையும் விட வேண்டுமா? இதை ஐந்து வருடமாக உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன்.

மங்கை


டிக்பாய்
24.11.1998

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். நான் சௌக்கியம், அவளும் சௌக்கியம், குடைதான் போச்சு.

நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் அவளிடம் கேட்டேன், "நீ படிச்சு முடி, நான் தனியா இருந்துக்கறேன், மெஸ் இருக்கு" என்று. வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். ஏன் என்று இரண்டு தடவை கேட்டேன். அழுதாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உங்கள் எல்லோர் பார்வையிலும் நான் வில்லன் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன், அவளைத் துளைக்காமல் விட்டீர்களே, அது போதும்.

நான் கோபித்தது உண்மை. ஆனால் சாதத்துக்கு இல்லை, குடைக்கு. எட்டுக் கம்பி வைத்த நல்ல குடை. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் துணியைக் கிழித்துவிட்டு, மூன்று கம்பியைப் பிடுங்கிவிட்டு, மீதி ஐந்தையும் சம தூரத்தில் நிறுத்தி நூல் கட்டி வைத்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் விரிக்கிறாள், கொஞ்சம் மடக்குகிறாள், என் பழைய ஜியாமெட்ரி பெட்டியின் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கிறாள். ஒரு கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இல்லை, ஒன்றை விட்டு அடுத்த கம்பிக்கு. "என்னடி பண்றே?" என்றேன். "ஒண்ணுமில்லே, நேரா நின்னுடுத்து" என்றாள். சொல்லிவிட்டு முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். நேராக நின்றால் சந்தோஷப்பட வேண்டாமா? செப்டம்பர் முழுக்க நான் நனைந்துகொண்டே ஆபீஸ் போனேன்.

தாள் தொலையவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

வெங்கட்


பெங்களூர்
5.12.1998

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இங்கே நலம். அப்பாவின் குடை தவிர.

அண்ணாவிடமிருந்து வேறு ஒரு விஷயமாகக் கடிதம் வந்தது. அதில் குடையைப் பற்றிப் புலம்பியிருந்தார். படித்துவிட்டு அப்பாவின் குடையை எடுத்து வந்து ஐந்து கம்பிகளுக்கு நூல் கட்டினேன். "என்னடி, வெளில வெயில் கொளுத்தறது, குடையைப் போட்டுப் படுத்தறே?" என்று அப்பா கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விரித்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றை விட்டு அடுத்த கம்பி செங்குத்தாக நின்றது. எனக்கும் முகம் வெளுத்திருக்கும்.

அப்புறம் தாளை எடுத்து உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு குடை, அந்தப் பக்கத்துக்கு ஒரு குடை. அங்கே கம்பிகளை ஒன்று விட்டு ஒன்றாக எண்ண வேண்டும். அப்போது எந்த இரண்டு ஜோடியை எடுத்தாலும் இங்கே செங்குத்து, இல்லாவிட்டால் அங்கே செங்குத்து. மூன்றுக்கு மூன்று என்றால் ஒன்பது திசைகள், அதில் இந்த ஐந்து ஜோடி போக நான்கு மீதி. அந்த நான்கில், இது பெங்களூருக்கு, இது டிக்பாய்க்கு என்று பிரித்துக் கொடுக்கக்கூடிய திசை ஒன்றுகூட இல்லை. சோதனை அதில் ஒரு மைனஸையும் காட்டவில்லை. முழுக்கப் பின்னல். சுழற்றினாலும் மாறாது. என் வகையேதான்.

நான்காம் லெம்மா, பதினோராம் வரி. மீதி இடத்தில் பிரியக்கூடிய திசை ஒன்றாவது இருக்கும் என்று எழுதியிருந்தேன். சின்ன அளவில் எப்போதும் இருந்தது, அதனால் நம்பினேன். தியரம் பொய்.

உங்களுக்கு இது ஆகஸ்டிலேயே தெரியும். மன்னி, நீங்கள் டிக் போடாத வரியை நம்பமாட்டேன் என்று எழுதினேன். நீங்கள் தாளையே அனுப்பாவிட்டால் நான் என்ன செய்வது? அண்ணாவைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், அதுதான் செய்தேன்.

சாரிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் ஸ்ரீராம்புரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "டூ பை டூல எல்லாமே நல்ல பிள்ளைங்கம்மா. த்ரீ பை த்ரீலதான் சுயரூபம் தெரியும்" என்றார். பிறகு, "ஜனவரியில அதையே பேசு. தியரம் எப்படி விழுந்துச்சுன்னு" என்றார்.

கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

மங்கை


டிக்பாய்
19.12.1998

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். மாமாவுக்குப் புதுக் குடை வாங்கிக் கொடு, என் கணக்கில்.

ஒவ்வொரு வாரமும் எழுத உட்கார்ந்தேன். "பதினோராம் வரி" என்று எழுதினதும் அந்த அறை கண்ணில் வந்துவிடும்.

கல்யாணத்துக்காக விட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. எனக்கும் ஒரு தியரம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் செமினார். பாதியில் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மரியாதையாகத்தான், "மூன்றாவது வரி ஏன்?" என்று கேட்டார். நானும் சின்ன அளவில் பார்த்து நம்பினவள்தான். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன். மறுநாள் போகவில்லை. அந்த வாரம் பெண் பார்க்க வந்தார்கள்.

உன் அண்ணாவுக்கு நான் இதைச் சொன்னதில்லை. நேற்றுதான் சொன்னேன். "இவ்வளவுதானா? நான் ஜாதகத்துல ஏதோ இருக்குன்னு நினைச்சேன்" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவருக்குக் கண் கலங்கியது.

நீ அங்கே நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நான் சொன்னால் உடைந்துவிடுவாய், சொல்லாவிட்டால் ஜனவரியில் நிற்பாய். இரண்டும் தெரிந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். நீயோ குடையை எடுத்துப் பார்த்துவிட்டு, நேராக உன் சாரிடம் போய்த் தப்பு என்று சொல்லிவிட்டாய். உன்னை எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

தாளை அனுப்புகிறேன். பத்து வரி வரை டிக். இன்னொரு தாளும் இருக்கிறது. எந்தச் சுழற்சிக்கு உன் தியரம் நிற்கும், எங்கே விழும் என்று பார்த்தேன். எல்லை கிடைத்த மாதிரி இருக்கிறது. உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்.

வித்யா


பெங்களூர்
21.2.1999

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் குறைந்ததா?

பேசினேன். நடுவில் ஒருவர் கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எல்லோரும் பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. "தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மன்னி, அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் டீ கொடுத்தார்கள்.

ஒரு கெட்ட செய்தி. ஐந்து கம்பிக் குடை போன ஆகஸ்டிலேயே வெளிநாட்டில் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் சார் காட்டினார். அவர்கள் அதற்குப் பிரமிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டாவது தாளில் இருக்கும் எல்லை யாரிடமும் இல்லை. சார் மூன்று வாரம் பார்த்தார், நான் டிக் போட்டேன். சரி. ஒரு கட்டுரைக்கு அது போதும். இரண்டு பெயர், உங்களுடையது முதலில்.

வேண்டாம் என்று எழுதுவீர்கள் என்று தெரியும். பெயருக்குக் கீழே எந்த நிறுவனம் என்று அச்சிட வேண்டுமே, உங்களுக்கு எது என்று சாரிடம் நானே கேட்டேன். "வீட்டு அட்ரஸ் போடு. கணக்குக்கு க்வார்ட்டர்ஸ் ஆகாதா?" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனைக்குச் சிக்காத பின்னலால் எந்த உபயோகமும் இல்லை, அதைப் பிரித்தெடுக்கவே முடியாது என்று போன வருடம் நிரூபித்தார்கள். இந்த மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. தனியாக அது ஒன்றும் செய்யாது. ஆனால் வேறொரு சோப்ளாங்கிப் பின்னலின் பக்கத்தில் வைத்தால், அது தனியாகச் செய்ய முடியாததை இதன் துணையோடு செய்துவிடுகிறதாம். படித்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. ஏன் என்று எழுதப்போவதில்லை.

முகவரி அனுப்புங்கள்.

மங்கை


வித்யாலட்சுமி
க்வார்ட்டர் எண் 17, டிக்பாய்
14.3.1999

அன்புள்ள மங்கைக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். குளிர் போய்விட்டது, துணி வெளியில் காய்கிறது. மாமா, மாமிக்கு நமஸ்காரம்.

நீ சொன்ன சோப்ளாங்கியை வாய்விட்டுப் படித்துவிட்டேன், அது யார் என்று உன் அண்ணா கேட்டார். கடிதத்தைக் காட்டவில்லை.

மேலே எழுதியிருக்கிறேனே, அந்த முகவரியை அப்படியே போடலாம். முதலில் வழக்கம்போல "மே/பா." என்று ஆரம்பித்தேன். உன் அண்ணா எட்டிப் பார்த்து, "நான் எதுக்குடி நடுவுல? நான் என்ன லெம்மாவா போட்டேன்?" என்றார். புதுக் குடை வாங்கியிருக்கிறார். பூட்டி வைத்திருக்கிறார், சாவி அவரிடம்.

ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஏழு கம்பி. இது குடையில் நிற்காது, இன்னும் அகலமான இடம் வேண்டும். ஒன்பதாம் வரியில் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சின்ன அளவில் சரியாக வருகிறது, அதனால்தான் பயம். தப்பு இருந்தால் அன்றைக்கே தபாலில் சேர்.

வித்யா